எண்ணை மட்டும் பார்க்காதே, தம்பி!



சென்ற வாரம் பள்ளி விட்ட பிறகு, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கைப்பேசியில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தான். திடீரென்று ஆட்டத்தை விட்டுவிட்டான். "ஏனப்பா?" என்றேன். "நான் தோற்றுவிடுவேன் என்று கம்ப்யூட்டரே காட்டுகிறது, சார்" என்றான். எனக்கு மனம் கேட்கவில்லை. பழைய பலகையை எடுத்துக் காய்களை அடுக்கினேன்.

கம்ப்யூட்டர் சாமானியமானதல்ல. 1997-ல் உலக வெற்றியாளர் காஸ்பரோவையே 'டீப் புளூ' வென்றது. இரு தரப்பிலும் சேர்த்து ஏழு காய்களே மிஞ்சினால், முடிவு என்ன என்பதை முழுவதும் கணக்கிட்டு வைத்துவிட்டார்கள். ஆனால், காய்கள் அதற்கு மேல் இருந்து, சிப்பாய்கள் ஒன்றையொன்று மறித்து நின்றால், அங்கே அது தடுமாறுகிறது.

2017-ல் இங்கிலாந்து அறிஞர் ரோஜர் பென்ரோஸ் பெயரிலான கழகம் ஒரு புதிரை வெளியிட்டது. வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாய்களும்தான். கறுப்புக்கோ ராணி, இரண்டு யானை, மூன்று மந்திரி, ஐந்து சிப்பாய்! கறுப்புதான் வெல்லும் என்றது கம்ப்யூட்டர்.

நன்றாகப் பாருங்கள். கறுப்பு ராணியும் யானைகளும் சிப்பாய்களுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கின்றன. மூன்று மந்திரிகளும் கறுப்புக் கட்டங்களில் மட்டுமே ஓடுபவை. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே நடந்தால் அவரை யார் தொட முடியும்? எந்தக் காயும் வெட்டுப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் இரு தரப்பும் ஐம்பது முறை ஆடிவிட்டால் ஆட்டம் சமன். ஒன்று மட்டும் கவனம்: பக்கத்திலேயே யானை வெட்டக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால், பூட்டிய கதவைத் திறந்துவிட்டதாகும், ராணி வெளியே வந்துவிடுவாள்.

கம்ப்யூட்டர் ஏன் ஏமாறுகிறது? அது காய்களின் மதிப்பைக் கூட்டுகிறது. பிறகு அடுத்தடுத்த நகர்வுகளைப் பார்க்கிறது. எத்தனை நகர்வு பார்த்தாலும் கறுப்பின் கூட்டுத்தொகை குறைவதில்லை. ஆகவே வெற்றி என்கிறது. கதவு பூட்டியிருப்பதை நாம் ஒரே பார்வையில் கண்டுகொள்கிறோம்.

அந்தப் பையனின் ஆட்டம் உண்மையிலேயே தோற்கும் ஆட்டமாக இருந்திருக்கலாம். ஆனால் அவன் பலகையைப் பார்க்கவில்லை. எண்ணை மட்டுமே பார்த்தான். என் வருத்தம் அதுதான்.

பெற்றோர்களே, தேர்வு அட்டை வரும்போது நாமும் அப்படித்தான் செய்கிறோம். "இவனுக்குப் படிப்பு வராது, பால் வெட்டத்தான் லாயக்கு" என்று எண்ணைப் பார்த்தே ஆட்டத்தை முடித்துவிடுகிறோம். பிள்ளை எங்கே அடைபட்டு நிற்கிறான், எந்தக் கட்டத்தில் அவனால் நடக்க முடியும் என்று ஒரு மாலைப்பொழுது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

மறுநாள் அந்தப் பையனே வந்து, "பலகையை எடுக்கட்டுமா, சார்?" என்று கேட்டான்.