தன் கையே தனக்குதவியா?



ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த புதிதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. உதவி ஆசிரியர்கள் பார்த்து முடித்த புரூஃபை வாங்கி, சிவப்புப் பேனாவால் நானும் ஒரு முறை கிறுக்கினால்தான் மனசு ஆறும். அட்டைப்பட எழுத்தின் நிறம்கூட என்னைக் கேட்காமல் மாறாது. ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டேன். இதழ் மூன்று நாள் தாமதமாகக் கடைக்குப் போனது. யாரைத் திட்டுவது? முடிவெடுக்க ஒருவரையும் பழக்காதது நான்தான்.

தொழில் நடத்துகிறவர்களுக்காக இந்த இதழைத் தயாரித்தபோது அந்தக் காய்ச்சல் ஞாபகத்துக்கு வந்தது. கூடவே ஒரு கண் மருத்துவரும் ஞாபகத்துக்கு வந்தார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி.

1918-இல் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். 1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைத் தன் மாணவர்களுக்குப் பாடமாக வைத்தது.

அப்படி என்ன பாடம்? அதன் அறுவை அரங்கைப் பார்த்தால் புரியும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முதல் கண்ணை முடித்த மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். நோயாளியைத் தயார்செய்வது, கருவிகளை எடுத்துக்கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் பள்ளிப்படிப்பு முடித்து வந்து, அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்கிறார். மற்றதை அதற்கென்றே பழகியவர்கள் செய்கிறார்கள். இப்படிப் பிரித்துக் கொடுக்கத் தெரிவது தலைமைக்கு முதல் திறமை.

இரண்டாவது, காது கொடுப்பது. ஆரம்ப காலத்தில் கிராம முகாம்களில் பரிசோதித்து, இலவசமாகவே அறுவை சிகிச்சை என்று சொல்லியும் பலர் வரவில்லை. ‘ஜனங்களுக்கு அக்கறை இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, கூட வருகிறவரின் ஒருநாள் கூலி, கத்தி என்றாலே வரும் பயம் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. முகாமிலிருந்து அழைத்து வரவும், சாப்பாடு போடவும், திரும்பக் கொண்டுபோய் விடவும் ஏற்பாடு செய்தார்கள். கூட்டம் தானாக வந்தது.

மூன்றாவது, கணக்கை மறைக்காதது. எந்த மருத்துவர் செய்த சிகிச்சையில் எத்தனை சிக்கல் வந்தது என்று அங்கே பதிவு செய்து, உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆளைக் குற்றம் சொல்வதற்கல்ல, கையைத் திருத்திக்கொள்ள. காசுக் கணக்கிலும் அதே கறார்தான். பணம் கட்டுகிறவர்கள் தரும் கட்டணத்திலிருந்து இலவச சிகிச்சைக்கும் செலவு பார்க்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் எட்டாத விலைக்கு விற்றபோது, 1992-இல் ஆரோலேப் என்று தொடங்கித் தாங்களே செய்துகொண்டார்கள்.

2006-இல் டாக்டர் வெங்கடசாமி காலமானார். நோயாளிகள் வருவது நிற்கவில்லை. மேசைகள் ஓய்ந்து கிடக்கவில்லை. அதற்குப் பிறகும் புதிய ஊர்களில் மருத்துவமனைகள் திறந்தன. ஒரு தலைவருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை.

‘தன் கையே தனக்குதவி’ என்பது தனி ஆளுக்குச் சரி. பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவருக்கு அதுவே கால்கட்டு. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடையோ, பட்டறையோ, அலுவலகமோ, அடுத்த வாரம் ஒரு நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள், போனும் செய்யாதீர்கள். திரும்பி வந்ததும் எந்த வேலை நின்று கிடந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நீங்கள் அடுத்து யாருக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்கான பட்டியல் அதுதான்.

இந்த இதழின் கடைசிப் புரூஃபை நான் பார்க்கவில்லை. பிழை இருந்தால் எழுதுங்கள், பார்த்தவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்