கேட்டவர் யார்?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பரில் ஓர் ஐயங்கார் வீட்டில் ராஜாஜி பிறந்தார். பன்னிரண்டரை ஆண்டு கழித்து, 1891 ஜூனில், பாகலூரைத் தாண்டினால் வந்துவிடுகிற மாலூர் வட்டத்தில் இன்னோர் ஐயங்கார் வீட்டில் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் பிறந்தார். இரண்டு வீட்டிலும் பேச்சு தமிழ்தான். முன்னவர் பட்டப்படிப்புக்குப் போனது பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், பின்னவர் எம்.ஏ. படிக்க வந்தது சென்னை. கடைசியில் ஒருவர் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ எழுதி 1958இல் தமிழுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்றார். மற்றவர் ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவலுக்காக 1983ஆம் ஆண்டின் ஞானபீடத்தைக் கன்னடத்துக்குக் கொண்டுபோனார். ‘மாஸ்தி கன்னடத ஆஸ்தி’ என்று எதுகையோடு சொல்வார்கள் கன்னடக்காரர்கள். ஆஸ்தி நமக்கும் ஆஸ்திதான், மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தொரப்பள்ளியின் கிராமக் கணக்கு சேலம் கலெக்டருக்குப் போயிற்று, மாலூர் வட்டத்தின் கணக்கு மைசூர் மகாராஜாவின் கச்சேரிக்குப் போயிற்று. பக்கத்துப் பக்கத்து நிலத்தில் பிறந்த இருவர் வேறு வேறு மொழிகளின் சொத்தானதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தென்படவில்லை. மாஸ்தி ‘பாவ’ என்று மூன்று பாகத்தில் தன்வரலாறும் எழுதினார். இன்று லண்டனில் ஒருவர் அப்படி எழுதியிருந்தால் பின்னட்டையில் ‘இரு மொழிகளுக்கு நடுவே’ என்று ஒரு வரி கட்டாயம் ஏறியிருக்கும். கன்னட வாசகருக்கு அந்த வரி தேவைப்படவே இல்லை.

ஏன் தேவைப்படவில்லை என்பதில்தான் இந்த வகைப் புத்தகங்களைப் படிக்கும் வழி இருக்கிறது. கலப்பு மரபைப் பற்றிய தன்வரலாறு எதையும் ‘நான் யார்’ என்று எழுதியவர் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியாகத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அது தானாக முளைக்கிற கேள்வி இல்லை, எவரோ வெளியிலிருந்து கேட்டது. ஒபாமா 1990இல் ஹார்வர்டு சட்ட இதழின் முதல் கறுப்பினத் தலைவரானார், செய்தித்தாள்களில் பெயர் வந்தது, பதிப்பகத்தார் தேடி வந்தார்கள். இனமும் சட்டமும் பற்றி எழுத உட்கார்ந்தவர் கென்யத் தகப்பனையும் கேன்சஸ் தாயையும் பற்றி எழுதி முடித்தார். 1995இல் புத்தகம் வந்தது. மைக்கேல் ஒண்டாச்சியின் ‘ரன்னிங் இன் தி ஃபேமிலி’ 1982இல் வந்தது. டச்சு, சிங்களம், தமிழ் எல்லாம் கலந்த பறங்கியர் குடும்பத்துக் கதை அது. முன்னோர் ஒருவர் வைத்தியர், டச்சு கவர்னர் வீட்டில் நோய் தீர்த்தார், நிலமும் மனைவியும் பெற்றார், தன் பெயரையே டச்சு எழுத்துக்கூட்டலுக்குக் கொடுத்துவிட்டார் என்பது வீட்டில் வழங்கும் கதை. கலப்பு முந்நூறு ஆண்டாக இருந்தது. அதைப் பற்றி எழுதும் அவசியம் வந்ததோ, 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து, பறங்கியர் பலரும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, ஒண்டாச்சியும் இங்கிலாந்து வழியாகக் கனடா போய்ச் சேர்ந்த பிறகு. 1978இலும் 1980இலும் இலங்கைக்குத் திரும்பிப் போய்த்தான் அந்தப் புத்தகத்தைத் திரட்டினார். முன்னவரைக் கேட்டது பதிப்பகம், பின்னவரைக் கேட்டது ஒரு தேசம். இருவருக்கும் பதில் ஒரே மாதிரி இருக்க முடியாது.

இந்தக் கண்ணோடு ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வட்டாரத்தைப் பாருங்கள். தட்டில் ஒரு ராகி உருண்டை. தமிழில் களி, தெலுங்கில் சங்கட்டி, கன்னடத்தில் முத்தெ. ஒரே அடுப்பில் கிண்டியதை மாமியார் ஒரு பெயரிலும் மருமகள் ஒரு பெயரிலும் சொல்லக்கூடிய வீடுகள் இங்கே உண்டு. ஆனேக்கல், மாலூர், குப்பம் என்று பெண் கொடுப்பதும் எடுப்பதும் மூன்று மாநிலத்துக்கும் நீள்கிறது. ஊர்ப்பெயரே கன்னடம்: ஹொச ஊரு, நம் ஊர்ப்பக்கம் சொன்னால் புதூர். (ஆங்கிலத்தில் வரும் கலப்பு மரபுப் புத்தகங்களில் பாதி, பாட்டியின் சமையலறையிலேயே நின்றுவிடும், களிக்கு மூன்று பெயர் இருப்பது அங்கே ஓர் அத்தியாயத்துக்குத் தாங்கும். இங்கே அது பேச்சுக்குக்கூட விஷயமில்லை.) பேச்சு மொழியில் எழுத்து நடக்காமலும் இல்லை, இந்த மொரசுநாட்டு வட்டாரத் தெலுங்கில் கதைத் தொகுப்பே வந்திருக்கிறது. ஆனால் ‘எங்கள் வீட்டில் மூன்று மொழி, அதனால் நான் இன்னார்’ என்று நெஞ்சைப் பிளந்து காட்டும் எழுத்துக்கு இங்கே விளைச்சல் குறைவு. பக்கத்து வீட்டிலும் அதே மூன்று மொழி இருக்கும்போது யார் யாரிடம் கேட்பது?

தமிழில் கி. ராஜநாராயணன் இருக்கிறாரே என்று ஒருவர் சொல்லலாம். 1976இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ தெலுங்கு பேசும் குடிகள் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்த கதை. தமிழுக்கு அது பெரிய கொடை. ஆனால் அது பயணத்தின் கதை. ‘நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்’ என்று கேட்டால் சொல்ல அந்தக் குடும்பங்களிடம் ஒரு வழிநடைக் கதை இருந்தது. ஓசூர்ப் பக்கத்து நிலைமை வேறு. பாராமகால் 1792 உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. ஓசூர் இருக்கும் மேட்டுநிலம் திப்பு வீழ்ந்த 1799க்குப் பிறகு சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது கொள்ளேகாலம் மைசூருக்குப் போயிற்று, ஓசூர் சென்னை மாநிலத்தில் தங்கியது. தருமபுரி மாவட்டம் 1965இல், கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல். இதில் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்ட பாட்டன் கதை இல்லாத குடும்பம் எத்தனையோ. வந்த கதை இல்லாதவரிடம் வந்த கதையைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

கேட்பவர் இல்லாமலும் இல்லை. இந்த வட்டாரத்தில் கேட்பது படிவம். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 2016இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எட்டியது. தெலுங்கு, கன்னடம், உருது வழியில் படித்த பிள்ளைகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் விலக்குப் பெற்றார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மேலும் ஓராண்டு நீட்டியது. அதுவரை வீட்டில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று என்று சிந்திக்காமல் பேசிய பிள்ளை, ‘மொழிச் சிறுபான்மை மாணவர்’ என்ற பெயரில் மனுப்போட வேண்டியிருந்தது. 2024 ஜூனில் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினர் கோபிநாத் தெலுங்கில் உறுதிமொழி எடுத்து, முடிவில் தமிழில் நன்றி சொல்லி அமர்ந்தார். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் அது வியப்பான காணொளியாகச் சுற்றியது. ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு டீ குடித்திருந்தாலே அந்த வியப்பு வந்திருக்காது. படிவம் இல்லாமல் அரசு நடக்குமா, தமிழ்நாட்டில் பிழைக்கிறவனுக்குத் தமிழ் வேண்டாமா என்றால், வேண்டும்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்த எண்பதுகளிலிருந்து தமிழ் தெரிவது இங்கே பிழைப்போடு சேர்ந்தது. படிவத்தைக் குறை சொல்வதல்ல என் நோக்கம். படிவத்தில் விழுந்த விடையை ஒருவருடைய உள்ளத்தின் விடையாக வாசிக்கக் கூடாது என்பதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. கேட்பாரில்லாததால் எழுதவில்லை என்று சொல்வது வசதியான பேச்சு; பயத்தாலும் வெட்கத்தாலும்கூட மனிதர்கள் எழுதாமல் இருப்பார்கள். கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கார்னாடின் தன்வரலாறு (‘ஆடாடத ஆயுஷ்ய’, 2011) இதற்குச் சரியான சாட்சி. அவருடைய தாயார் இளவயதில் விதவையானவர், கையில் ஒரு பிள்ளை. டாக்டர் கார்னாடோடு சேர்ந்து வாழ்ந்து, ஆண்டுகள் கழித்தே முறைப்படி மணம் செய்துகொள்ள முடிந்தது. அந்த வீட்டில் இதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. எண்பது வயதுக்கு மேல் அந்த அம்மா தாமே உட்கார்ந்து எழுதிய சில பக்கங்களால்தான் மகனுக்கு முழுக்கதை கிடைத்தது. ஐம்பது அறுபது ஆண்டு மௌனத்தை அங்கே இயல்பு என்று சொல்ல முடியுமா? ஆக, மௌனத்திலும் இரண்டு ஜாதி. கேட்கத் தோன்றாத மௌனம் ஒன்று, கேட்கத் துணியாத மௌனம் ஒன்று.

‘ஜாதி’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். நம் மொழியில் ‘கலப்பு’ என்ற சொல் மனிதர்மேல் ஒட்டுவது கலப்புத் திருமணத்தில்தான். மற்றபடி அதன் உறவுக்காரச் சொல் பாலிலும் எண்ணெயிலும் கலப்படமாகத் திரிகிறது. களிக்கு மூன்று பெயர் வைத்துக் கொண்டாடுகிற அதே நிலத்தில், 2018 நவம்பரில், ஓசூரை அடுத்த சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த இளம் தம்பதியின் உடல்கள் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. இருவரும் ஒரே ஊர். அவன் தலித், அவள் வேறு சாதி. பெண் எடுக்க மூன்று மாநிலம் போகிற பழக்கம் சாதிக்குள்தான் அத்தனை தாராளமாக நடக்கிறது. மொழி மாறலாம், தெரு மாறக் கூடாது. ஓசூரின் பன்மொழிப் பெருமை பேசுகிறவர்கள் (நானும் மேலே பேசியிருக்கிறேன்) இந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும்.

தொரப்பள்ளிக் குடும்பத்துக்கே திரும்பலாம். காந்தியின் மகன் தேவதாசும் ராஜாஜியின் மகள் லட்சுமியும் விரும்பியபோது, தீண்டாமை ஒழிய வேண்டும் என்று பேசிய தகப்பன்மார் இருவரும் ஐந்தாண்டு காத்திருக்கச் சொன்னார்கள். சந்திக்கவும் கூடாது. 1933 ஜூனில் பூனாவில் கல்யாணம் நடந்தது. குஜராத்தி பனியாவும் தமிழ்ப் பிராமணப் பெண்ணும்: மொழியை அந்த வீடுகள் ஒரு தடையாக எண்ணியிருந்தால் அது சின்னத் தடை, நாட்டின் இரண்டு பெரிய தலைவர்களைத் தயங்க வைத்தது சாதி. அந்தத் தம்பதியின் மகன் ராஜ்மோகன் காந்தி இரண்டு தாத்தாவுக்கும் வரலாறு எழுதினார். ராஜாஜி பற்றிய நூலுக்கு 2001இல் சாகித்ய அகாதமி விருது. காந்தி பற்றிய ‘மோகன்தாஸ்’ 2006இல் வந்தது. பாகப்பிரிவினைப் பத்திரம்போல ஆஸ்தியை இரண்டு புத்தகமாகப் பிரித்து வைத்திருக்கிறார் என்பது என் கண்ணுக்குப் படுகிற விஷயம். தம்பி கோபாலகிருஷ்ண காந்தியின் நினைவுநூல் 2025இல் வந்தது. அதன் துணைத்தலைப்பு, சுதந்திர இந்தியாவின் ஒரு சொந்த வரலாறு என்கிறது. இரு சகோதரர்களிடமும் ஊர் கேட்டது காந்தியைப் பற்றி, ராஜாஜியைப் பற்றி, இந்தியாவைப் பற்றி. அந்த ஐந்தாண்டு எப்படி இருந்தது என்று லட்சுமியிடம் ஒரு பதிப்பகம் போய் நின்றிருந்தால் நமக்கு வேறொரு புத்தகம் கிடைத்திருக்கும். அதைத்தான் நான் முதலில் வாங்குவேன்.

படிவம் மறுபடி வாசலுக்கு வருகிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல். 2011 படிவத்தில் தாய்மொழி என்பதற்கு ஓர் இலக்கணம் இருந்தது: குழந்தைப் பருவத்தில் தாய் அந்த நபரிடம் பேசிய மொழி. தெரிந்த மற்ற மொழிகளுக்குக் கூடுதலாக இரண்டே இடம். கெலமங்கலம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தாயிடமிருந்து தெலுங்கு, தகப்பன் வழியில் கன்னடம், பள்ளியில் தமிழ், சந்தையில் உருது, சிப்காட் ஷிப்டில் ஒடிசாப் பையன்களோடு பேசப் பழகிய இந்தி. கணக்கெடுக்க வருகிறவர் தெலுங்கை எழுதிவிட்டு மேலும் இரண்டைக் கேட்பார். எதைச் சொல்ல, எதை விட என்று வீட்டில் ஒரு சிரிப்பு எழும். இந்த முறை சாதியையும் கேட்கப்போகிறார்கள். கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய் சாதி, தகப்பன் சாதி இரண்டில் ஒன்றைப் பெற்றோர் தேர்ந்துகொள்ளலாம் என்பது தமிழ்நாட்டில் பல பத்தாண்டாக இருக்கும் விதி. இரண்டையும் எழுத வழியில்லை. அப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில், அந்தக் கட்டத்துக்கு வரும்போது சிரிப்பு இருக்குமா, அல்லது உள்ளேயிருந்து யாராவது வந்து கதவைக் கொஞ்சம் சாத்துவார்களா?