கன்னைக் கழுவிடலாம்... நெஞ்சைக் கழுவ முடியுமா?

அக்காவின் வளைகாப்புக்கு மூன்றே நாள். கூடத்து ஊஞ்சல் பலகையைப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது நான்தான். அப்பத்தா கல்யாணத்துக்குச் செய்த தேக்குப் பலகை அது. ஆன்லைனில் ஒரு ஸ்பிரே கன் வாங்கினேன். வாடகைக்குச் சின்ன கம்ப்ரஸர் பிடித்தேன். கடையில் கொடுத்த பி.யூ. பாலிஷில் ஹார்டனரைக் கலந்து, பின்கட்டில் வைத்து முதல் கோட் அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கன்னை அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ட்ரிகர் அசையவில்லை. தின்னரை ஊற்றி, பலம் கொண்டமட்டும் அழுத்தியதில், பலகை முழுக்கக் கட்டி கட்டியாகத் துப்பியது.

விஷயம் இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் பாலிஷ் அண்ணனிடம் போனது. வந்து பார்த்தவர், பலகையைப் பற்றிப் பேசவே இல்லை. "வீட்டுல மாசமா இருக்கிற புள்ளைய வெச்சுக்கிட்டா தம்பி இதை அடிச்சே? முதல்ல பலகையைக் கழட்டு. பட்டறைக்குக் கொண்டு போயிடலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாசனை கூடம் வரை வந்ததை நான் கவனித்திருந்தேன். யோசிக்கத்தான் இல்லை.

இந்த வாரப் பட்டறைப் பாடம் இங்கேதான் ஆரம்பம்.

ஏன் இறுகியது?

சாதாரண என்.சி. லாக்கர், தின்னர் ஆவியாகிக் காய்வது. காய்ந்தாலும் தின்னர் பட்டால் மறுபடி கரையும். ஹார்டனர் கலந்த பி.யூ. அப்படி இல்லை. அது ரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. கப்புக்குள் இருந்தாலும் சில மணி நேரத்தில் இறுகிவிடும். அதன்பிறகு தின்னரில் ஊறப்போட்டாலும் கரையாது. அதனால் வேலை முடிந்த அந்த நிமிடமே கழுவ வேண்டும். 'டீ குடிச்சிட்டு வர்றேன்' என்பதெல்லாம் கூடாது.

அண்ணன் கழுவும் முறை

* மீதி பாலிஷை டின்னில் ஊற்றிவிட்டு, கப்பில் கொஞ்சம் தின்னர் விட்டுக் குலுக்கி, பழைய துணி போட்ட டின்னுக்குள் அடிக்கிறார். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை.
* காற்றுக் குழாயைக் கழற்றிய பிறகுதான் கன்னைப் பிரிக்கிறார். முதலில் ஏர் கேப், அடுத்து ஊசி, கடைசியில் நாசில். ஊசி உள்ளே இருக்கும்போது நாசிலைத் திருகினால் ஊசி முனை கெட்டுவிடும். மாட்டும்போது நாசில் முதலில், ஊசி பிறகு.
* ஏர் கேப்பின் குட்டித் துளைகளுக்குப் பல்குச்சியும் மென்மையான பிரஷ்ஷும்தான். கம்பியோ குண்டூசியோ விட்டால் துளை பெரிதாகி, தெளிப்பு கோணலாகிவிடும்.
* முழுக் கன்னையும் ராத்திரி முழுக்கத் தின்னரில் போட மாட்டார். உள்ளே இருக்கும் வாஷர்கள் வீணாகிவிடும்.
* துடைத்த பிறகு ஊசிக்கும் ட்ரிகர் அச்சுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். சிலிக்கான் கலந்த எண்ணெய் கூடாது. அது துளி பட்டாலும் அடுத்த பாலிஷில் மீன் கண் மாதிரி குழி விழும்.
* கடைசியாக, கம்ப்ரஸர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடிக்கிறார். அந்த ஈரம் காற்றோடு வந்தால் பாலிஷ் கெட்டுவிடும்.

அடிக்கும்போது...

பாலிஷை வடிகட்டாமல் கப்பில் ஊற்றக் கூடாது. முதலில் ஓர் அட்டையில் அடித்துப் பார்க்க வேண்டும். நீள்வட்டமாக, சீராக விழுந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கனமாக விழுந்தால், ஏர் கேப்பை அரைச் சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். கனமும் பக்கம் மாறினால் அடைப்பு ஏர் கேப்பில். மாறாவிட்டால் நாசிலில். இந்த ஒரு வித்தைக்காகவே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பலகைக்கும் கன்னுக்கும் இடையே 6 முதல் 8 அங்குலம். கையை வில் மாதிரி வளைக்காமல், பலகைக்கு நேராக ஒரே வேகத்தில் நகர்த்த வேண்டும். முந்தின வரிசையில் பாதியை அடுத்த வரிசை மூட வேண்டும். பலகை ஆரம்பிக்கும் முன்பே அழுத்தி, தாண்டிய பிறகு விட வேண்டும்.

தொண்டைக்கு மருந்து தெளித்த கருவி

அலுவலகம் வந்து தேடியபோது ஒரு தகவல் கிடைத்தது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர், நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். 1907-ல் அவர் மகன் தாமஸ் அதே யோசனையை வைத்துப் பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே கன்னை உருவாக்கினார்.

இதை அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருபது வருஷமாக முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் அடித்திருக்கிறார். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "கன்னைத் தினம் கழுவினேன் தம்பி. நெஞ்சைக் கழுவ முடியலையே!"

துண்டு தூசியைக் கொஞ்சம் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. பி.யூ. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு திணறும். அதனால் பி.யூ.வை வீட்டில் தெளிக்காமல், முறையான வசதியுள்ள பட்டறைக்கு விட்டுவிடுவதே நல்லது. மற்ற பாலிஷ் என்றாலும் ரசாயன ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை, திறந்த இடம் நான்கும் கட்டாயம்.

இன்னொன்று. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போகும். அடுத்த அறையின் கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது. கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கையைத் தின்னரில் கழுவவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போடுங்கள்.

பலகை என்ன ஆச்சு? உப்புத்தாள் போட்டு என் கட்டிகளையெல்லாம் தேய்த்து எடுத்து, பட்டறையிலேயே முடித்துக் கொடுத்தார் அண்ணன். வாசனை போகட்டும் என்று வளைகாப்பு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். அக்கா அன்றைக்கு மர நாற்காலியில் உட்கார்ந்துதான் வளையல் போட்டுக்கொண்டாள். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பலகையை எடுக்கப் போனபோது அண்ணனின் மகன் கன்னைப் பிடித்திருந்தான். முகத்தில் கார்ட்ரிட்ஜ் மாஸ்க். "அது இல்லாம கன்னைத் தொட விடமாட்டேன்" என்றார் அண்ணன், வாசலுக்கு வெளியே நின்றபடி.

உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ துண்டு கட்டி பாலிஷ் அடிப்பவர் யாராவது இருந்தால், இதை அவருக்கு அனுப்பிவையுங்கள்.