ஏரிக்கரைக்குக் களைக்கொல்லி வேண்டாம்

மழை ஓய்ந்ததும் புதுச்சேரியின் காலி மனைகளில் பார்த்தீனியம் தலைதூக்குகிறது. தரிசுகளில் சீமைக் கருவேலம் அடர்கிறது. வெட்டுக்கூலிக்கு அஞ்சுவோர் களைக்கொல்லியைத் தேடுவது இயல்பே. ஆனால், எதை, எங்கே தெளிக்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

2,4-டி அகன்ற இலைக் களைகளைக் கொல்லும். புல்லினத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதன் சாரல் காற்றில் பறந்தால் பக்கத்து வயலின் பருத்தியும் தக்காளியும் கருகும். கிளைபோசேட்டோ பச்சையாக உள்ள எதையும் விடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இம்முடிவை ஏற்கவில்லை. எனினும் மத்திய அரசு, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் ஆணையிட்டது.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, அந்த இடத்தில் நாட்டு மரங்களை நட்டு, மீண்டும் முளைக்கும் கருவேலக் கன்றுகளைச் சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து களைய வேண்டும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், கையுறை அணிந்து பிடுங்குவதே நல்லது.

புதுச்சேரியை ஒட்டிய ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். நகரின் குடிநீரோ நிலத்தடியிலிருந்து வருகிறது. கரையில் தெளிப்பது நீரில் கலந்தால் இரண்டுக்கும் ஆபத்து. ஆகவே நீர்நிலைக் கரைகளில் களைக்கொல்லி தெளிப்பதைப் புதுச்சேரி அரசு தடைசெய்ய வேண்டும். மற்ற இடங்களில் வேளாண் துறையின் பரிந்துரையும் கண்காணிப்பும் இன்றி ஒரு சொட்டும் தெளிக்கக் கூடாது. புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகள் களை அகற்றும் பணிக்குத் தனி நிதி ஒதுக்கட்டும்.