கல்லூரி டிரைவில் இருந்தால் போதுமா?

கல்லூரியில் சேரும் மாணவர்கள் பலருக்கு, அடையாள அட்டையுடன் ஓர் இமெயில் முகவரியும் இப்போது தரப்படுகிறது. அந்த முகவரிக்கு கூகுள் டிரைவ் அல்லது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஒன் டிரைவில் பைல்களைச் சேமிக்க இடமும் கிடைக்கிறது. லேபில் தொடங்கிய ரெகார்டை வீட்டு கம்ப்யூட்டரில் தொடரலாம். பஸ்சில் வரும்போது மொபைலில் படித்துப் பார்க்கலாம். பென் டிரைவைத் தொலைத்துவிட்டுத் தேட வேண்டியதில்லை; அதன் வழியே வரும் வைரஸ் தொல்லையும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் தருவதாகத் தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. வீட்டின் முதல் கம்ப்யூட்டர் இப்படி வரும்போது, முதலில் செய்வது பிரவுசரைத் திறந்து கல்லூரிக் கணக்கில் நுழைவதாகத்தான் இருக்கும்.

வசதி நல்லதே. ஆனால் பிரவுசரில் தெரியும் பைல் நம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. இணைப்பு உள்ளவரை, கல்லூரி அனுமதிக்கும் வரை, நமக்குக் காட்டப்படுகிறது. கல்லூரி டிரைவ் வேலை செய்யும் மேஜை மட்டுமே. பீரோ நம் வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த மகாதேவ் சத்யநாராயணன். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் 1980களில் ஆண்ட்ரூ பைல் சிஸ்டம் உருவானபோது அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் இவர். வளாகத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் உங்கள் பைல்கள் உங்கள் முன் வரும். பைலைத் திறந்தவுடன் அதன் நகல் ஒன்று அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கிலேயே வந்து அமர்ந்துவிடும். அடுத்து 1987ல் தொடங்கிய கோடா என்ற சிஸ்டத்தில் இன்னொரு படி முன்னே போனார்கள். இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது; தேவையான பைல்களை முன்கூட்டியே லேப்டாப்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, மீண்டும் இணைப்பு வந்ததும் மாற்றங்களை சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும். ஆண்ட்ரூ சிஸ்டத்திற்காக 2016ஆம் ஆண்டின் ஏ.சி.எம். சாப்ட்வேர் சிஸ்டம் விருது இவருக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் வழங்கப்பட்டது.

நெட்வொர்க் சிறப்பாக இருந்த ஒரு பல்கலைக் கழகத்திலேயே, இணைப்பு போகும் என்று எண்ணித் திட்டமிட்டார்கள். ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் இருக்கும் எங்கள் சேத்தூரில் அதை எண்ணாமல் இருக்கலாமா? மழைக்காலத்தில் மலைப்பக்கம் இடி இடித்தால் கரண்ட் போகும்; கரண்ட் போனால் மோடமும் போகும். மறுநாள் காலை பிராஜக்ட் ரிவ்யூ என்றால், பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் பைல் இருந்தால்தான் பிழைத்தோம்.

இந்த வசதி உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. பலரும் அதைத் தொடுவதில்லை. டிரைவ் பார் டெஸ்க்டாப் என்ற கூகுள் புரோகிராமை இன்ஸ்டால் செய்தால், செட்டிங்ஸில் ஸ்ட்ரீம், மிரர் என இரண்டு வழிகள் இருக்கும். ஸ்ட்ரீம் என்றால் பைல் சர்வரில்தான். மிரர் என்றால் முழு நகலும் உங்கள் டிஸ்க்கில் இருக்கும். டிஸ்க்கில் இடம் இருந்தால் மிரர் தேர்ந்தெடுங்கள். ஒன் டிரைவில் போல்டரின் மீது ரைட் கிளிக் செய்து, ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். மேகப் படம் போய்ப் பச்சை டிக் வந்தால் பைல் உங்களிடம் வந்துவிட்டது. மொபைலில் டிரைவ் செயலியில், பைல் பெயரின் அருகே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் ஆப்லைன் வசதி கிடைக்கும். சில நிறுவனங்கள் தங்கள் வளாகத்திலேயே சொந்த சர்வர் வைத்திருக்கின்றன. அவற்றை வெளியிலிருந்து திறக்க, கல்லூரி தரும் வி.பி.என். தேவைப்படலாம். அதைத் தொல்லை என்று முணுமுணுக்க வேண்டாம். விண்டோஸ் பைல் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக 2017ல் வான்னாகிரை வைரஸ் உலகெங்கும் பரவியது. அப்படிப்பட்ட கதவை இன்டர்நெட்டில் திறந்து போடாமல் இருப்பதே நல்லது.

இணைப்பு போனால் திரும்பி வரும். கணக்கு போனால் வராது. கல்வி நிறுவனங்களுக்கு ஒரு காலத்தில் கூகுள் அளவில்லாத இடம் தந்து வந்தது. அது முடிகிறது என 2021 பிப்ரவரியில் அறிவித்து, 2022 முதல் நிறுவனம் ஒன்றுக்கு மொத்தமாக 100 டெராபைட் என்ற அடிப்படை அளவை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. மைக்ரோசாப்ட்டும் 2023ல் இதே போல் அறிவித்து 2024 முதல் வரம்பு வைத்தது. 100 டெராபைட் பெரிதாகத் தோன்றும். 10,000 மாணவர்கள் உள்ள கல்லூரியில் பங்கு போட்டால் தலைக்குச் சுமார் 10 ஜிபி! லேப் வீடியோக்கள் சிலவற்றிலேயே அது கரைந்துவிடும். புதிய மாணவர்களுக்கு இடம் வேண்டுமே. எனவே படிப்பை முடித்தவர்களின் கணக்கு மூடப்படுவதில் வியப்பில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மாணவி. முன்னெச்சரிக்கையாக, கல்லூரி டிரைவ் போல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்து வைத்திருந்தாள். படிப்பு முடிந்து சில மாதங்கள் கழித்து, இன்டர்வியூவிற்காகப் பிராஜக்ட் ரிப்போர்ட்டைத் திறந்தபோது லாகின் செய்யச் சொல்லிக் கேட்டது. கணக்கோ மூடப்பட்டுவிட்டது. "அண்ணா, பைல் இருக்கு, ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல" என்று வந்து நின்றாள். பார்த்தால் ஒவ்வொன்றும் 1 கேபி!

காரணம் இதுதான். கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் ஆகியவற்றில் உருவாக்கியவை உங்கள் கம்ப்யூட்டர் போல்டரில் பைல் போலத் தெரிந்தாலும் அவை வெறும் லிங்க் மட்டுமே. மிரர் செய்தாலும் அப்படித்தான். விலாசத்தைப் பத்திரப்படுத்திவிட்டு வீட்டைப் பத்திரப்படுத்தியதாக நினைப்பது போன்றது இது. பிரவுசரில் டிரைவைத் திறந்து, போல்டரை ரைட் கிளிக் செய்து டவுன்லோட் கொடுங்கள். அப்போதுதான் அவை வேர்ட், எக்ஸெல் பைல்களாக மாறி ஜிப் வடிவில் வந்து சேரும். அந்தப் பெண்ணின் ரிப்போர்ட், கைடுக்கு இமெயிலில் அனுப்பிய ஒரு பழைய பி.டி.எப். வழியே பாதிக்கு மேல் கிடைத்தது. டேட்டா வைத்திருந்த ஷீட் கிடைக்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து செய்யும் பிராஜக்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பைலின் உரிமையாளர் யாரோ, அவர் கணக்கு நீக்கப்படும்போது பைலும் நீக்கப்பட்டால் மற்ற மூவருக்கும் அது கிடைக்காது.

கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இறுதியாண்டு மாணவர் டி.சி. வாங்கும் முன் நோ டியூஸ் படிவத்துடன் அலைகிறார். லைப்ரரியில் ஒரு கையெழுத்து, ஹாஸ்டலில் ஒரு கையெழுத்து, லேபில் உடைத்த பிப்பெட்டுக்கு ஒரு கையெழுத்து. கல்லூரிக்குச் சேர வேண்டியதையெல்லாம் கேட்கும் அந்தப் படிவத்தில், மாணவருக்குச் சேர வேண்டியதைக் கேட்கும் ஒரு வரி இருந்தால் என்ன? "உங்கள் பைல்களை எடுத்துக்கொண்டீர்களா? கணக்கு மூடப்படும் தேதி இது." இதற்குப் புதிய சர்வர் வேண்டாம், செலவு ஒரு வரி மைதான். எச்சரிக்கையைக் கல்லூரி இமெயிலுக்கு மட்டும் அனுப்புவதிலும் பொருள் இல்லை. படிப்பு முடிந்த பின் அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? மொபைலுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பலாமே.

அந்த வரி வரும்வரை காத்திருக்காமல், கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே வேலையை ஆரம்பியுங்கள். நாளைக்கு 1.5 ஜிபி தரும் மொபைல் பிளானில் 10 ஜிபியை இறக்க ஏழு நாட்கள் ஆகும். அந்த ஏழு நாட்களும் வேறு எதற்கும் டேட்டா இருக்காது. கல்லூரி வை-பை உள்ள இடத்தில் லேப்டாப்புடன் உட்கார்ந்து எடுத்து, இன்னொரு காப்பியைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொள்வது நல்லது. கூகுள் கணக்காக இருந்து கல்லூரியும் அனுமதித்திருந்தால், டேக்அவுட் பகுதியில் உள்ள டிரான்ஸ்பர் வசதி மூலம் பைல்களை உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கிற்கு நேரடியாக மாற்றலாம். சர்வரிலிருந்து சர்வருக்கே போவதால் உங்கள் டேட்டா செலவாகாது. சொந்தக் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான். மெயிலும் போட்டோவும் அதற்குள்ளேயே அடக்கம். எனவே மாற்றுவதற்கு முன், பழைய வீடியோக்களைக் கொஞ்சம் அழித்து இடம் செய்துகொள்ளுங்கள்.