செஞ்சிக் கோட்டையும் ஒரு சொம்புத் தண்ணீரும்

செஞ்சிக்குப் போய்வர வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஆறு மாதமாகப் பேச்சு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அமைப்பு மராட்டியர்களின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது அல்லவா? அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம் செஞ்சி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் இதைச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் விடுவார்களா? அரைப் பரீட்சை லீவு விட்ட மறுநாளே வேன் பேசியாகிவிட்டது.

மாமியார், நான், இவர், கொழுந்தனார், அவர் மனைவி, நாத்தனார் குடும்பம், குழந்தை குட்டிகள் எல்லாரும் கிளம்பினோம். கொழுந்தனார் மனைவியைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டுகிற முதல் பிரயாணம் இது. முதல் நாள் ராத்திரியே புடவை எடுத்து வைத்துவிட்டாள், பாவம்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறினேன். எலுமிச்சம்பழம் ஒரு டஜன், வெள்ளரிப் பிஞ்சு, ஒரு தூக்கு நிறைய நீர்மோர், ஒரு பெரிய கேன் தண்ணீர். ஒன்றையும் மறக்கவில்லை என்று பெருமையாக இருந்தது. மறந்தது எது என்று பிறகு சொல்கிறேன்.

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி வழியாகப் போனோம். 1760 ஜனவரி 22-ல் பிரெஞ்சுக்காரத் தளபதி லாலியை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்கடித்த வந்தவாசி அதுதான். பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்ததை ஒப்பித்தார்கள். மாமியாருக்கு அதெல்லாம் வேண்டாம். அவருக்குத் தேசிங்கு ராஜன் கதை போதும். சின்ன வயதில் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்தவர். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு சண்டை போட்டு இளம் வயதில் மாண்ட ராஜா, உடன்கட்டை ஏறிய ராணி, நீலவேணிக் குதிரை என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். "நம்ம ராணிப்பேட்டைக்கு அந்தப் பேரு அந்த ராணி ஞாபகமாத்தான்டா வந்துது" என்று அவர் சொன்னதும் பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.

கோட்டை என்றால் நாலு சுவரும் ஒரு கொத்தளமும் என்று நினைத்திருந்தேன். செஞ்சி அப்படியில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை வளைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டருக்கு மதில் ஓடுகிறது. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. பிறகு அவர் மகன் ராஜாராம் அங்கே தங்கியிருந்தபோது, 1690-ல் ஒளரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார்கான் முற்றுகை போட்டான். பிடிபட்டது எப்போது தெரியுமா? 1698-ல்! விட்டு விட்டு நடந்த முற்றுகைதான் என்றாலும் எட்டு வருஷம், சகோதரிகளே. ஒரு மாதம் மளிகைக் கடை மூடினால் நம் பாடு என்ன ஆகும்!

எப்படித் தாங்கினார்கள் என்பதைக் கீழ்க்கோட்டையிலேயே பார்த்துவிடலாம். கல்யாண மஹாலுக்குப் பக்கத்தில் நெற்களஞ்சியம் இருக்கிறது. உள்ளே போனால் வளைவுக் கூரையும் ஆள் உயரத்தை மிஞ்சிய கனத்தில் சுவரும் சேர்ந்து, வெயில் வேளையிலும் ஜில்லென்று இருக்கிறது. நாத்தனார் கையால் தட்டிப் பார்த்து, "இதுல எத்தனை மூட்டை பிடிக்கும் அண்ணி?" என்றாள். எனக்கும் அதே கணக்குத்தான் மனசில் ஓடியது. கிருஷ்ணகிரி மேலேயும் களஞ்சியங்கள் உண்டு. எண்ணெய் சேமித்து வைக்க ஒரு கிணறே கட்டியிருக்கிறார்களாம்.

தண்ணீர் ஏற்பாடுதான் எல்லாவற்றுக்கும் மேல். கீழே ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிகுளம். ராஜகிரி உச்சியிலோ வற்றாத நல்ல தண்ணீர்ச் சுனைகள். மழைத் தண்ணீரைத் தேக்கத் தனித் தொட்டிகள் வேறு. ஏரிக்கென்றே ஒரு வாரியம் வைத்து, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர்க்காரியான எனக்கே இதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜாராமின் ராணி தாராபாய் இந்த முற்றுகைக் காலத்தில் செஞ்சியில்தான் இருந்தாள். 1696-ல் அவளுக்கு மகன் பிறந்தான். வெளியே மொகலாயர் படை, உள்ளே பிள்ளை பெற்ற உடம்பு! பின்னாளில் கணவன் இறந்த பிறகு ஒளரங்கசீப்பையே எதிர்த்து நின்றவள் அவள்தான். இதை நான் சொன்னபோது சின்னவள், "அவங்களுக்குப் பத்தியம் யாரு போட்டிருப்பாங்க அக்கா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எந்தச் சரித்திரப் புத்தகத்திலாவது இருக்கிறதா?

குழந்தையை மாமியாரிடம் மரத்தடியில் விட்டுவிட்டு ராஜகிரி ஏறினோம். உயரம் ஏறக்குறைய 800 அடி. கல்படிகள் சில இடங்களில் முழங்கால் உயரம் இருக்கின்றன. குரங்குகள் வேறு. என் மகன் கையிலிருந்த ஆரஞ்சை ஒன்று பிடுங்கிக்கொண்டு, அவன் எதிரிலேயே உரித்துத் தின்றது.

பாதி மலை ஏறியிருப்போம். மார்கழிதான், ஆனால் பத்தரை மணி வெயிலில் பாறை அனலடிக்கிறது. "அக்கா, கண்ணு இருட்டுது" என்று சின்னவள் குரல் கேட்டது. திரும்புவதற்குள் படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு படி தள்ளி உட்கார்ந்திருந்தால்... வேண்டாம், அதை எழுதவே கை நடுங்குகிறது.

வாசல் மண்டபத்து நிழலுக்கு அவளைத் தாங்கிக்கொண்டு போனோம். படுக்க வைத்து, காலடியில் பைகளை வைத்து உயர்த்தி, முகத்தில் ஈரத்துணி போட்டோம். உதடு வெடித்திருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "காலையில என்னம்மா குடிச்சே?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டதும் மெல்லச் சொன்னாள்: "ராத்திரியிலேருந்தே ஒண்ணும் குடிக்கலக்கா. வழியில எங்க ஒதுங்கறது? ஆம்பளைங்க எல்லாம் இருக்காங்க, வண்டிய நிறுத்தச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஐந்து மணி நேரம் அடக்கிக்கொண்டு வந்து, அப்புறம் ஒரு வாரம் நீர்க்கடுப்பில் துடித்தாளாம். அதிலிருந்து, வெளியே போவதென்றால் தண்ணீரையே தொடுவதில்லை. பால் கொடுக்கிற உடம்பு! அவளைக் கோபித்துக்கொள்ள வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது: காலையிலிருந்து எனக்கும் ஒரு டம்ளர் காபியோடு சரி. கேன் தண்ணீரை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தது நான்தான். பெண்களில் யார் குடித்தார்கள் என்று பார்க்க மறந்ததும் நான்தான்.

அவளுக்கு நினைவு தெளிவாக இருந்ததால் மோரை வாய் வாயாகக் கொடுத்தோம். (மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஜாக்கிரதை.) அப்புறம் உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர். இந்த அளவைச் சமையலறையில் எழுதி ஒட்டிவையுங்கள்: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடவே கூடாது. மருந்துக் கடையில் விற்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இருந்தால் அதைவிட நல்லது. உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. மெதுவாகக் கீழே அழைத்து வந்தோம்.

உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பிளவு இருக்கிறதாம். ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான். பையன்கள் அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் பார்க்கவில்லை.

மரத்தடியில் மாமியார் எல்லாம் கேட்டார். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. குழந்தையை சின்னவள் மடியில் போட்டுவிட்டு, "நாங்க நடவுக்குப் போற காலத்துல பொழுது விடியறதுக்கு முன்னாடி, இல்ல பொழுது சாஞ்சப்புறம். நடுவுல ஒதுங்க மறைப்பு ஏது? கஞ்சித் தண்ணிகூடக் கொஞ்சமாத்தான் குடிப்போம். எத்தனை வருஷம் அந்த எரிச்சலோட கெடந்தேன்னு உங்க மாமாவுக்கே தெரியாது" என்றார். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் எங்கள் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை, அதனால் கிருமி சுலபமாக ஏறிவிடும், அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் அதற்கு வழிவிடுகிற மாதிரி என்றார். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் கவலையில்லை. டிகாஷன் மாதிரி போனால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தமாம். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொன்னார். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போதெல்லாம் வெளியூர் கிளம்பினால் டிரைவரிடம் எங்கே சாப்பாடு என்பதற்கு முன்னால் எங்கே நிறுத்துவது என்று பேசிவிடுகிறேன். பையில் ஒரு பழைய நூல் புடவையும் இருக்கும். இரண்டு பேர் பிடித்தால் மறைப்பு ஆயிற்று. கேட்க நாகரிகமாக இல்லையோ? இல்லாவிட்டால் போகட்டும்.

அன்றைக்குத் திரும்பும்போது சின்னவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, சொம்பில் ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். வந்தவாசி தாண்டியிருக்காது. முன் சீட்டில் ஆண்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என் முகத்தைப் பார்த்தாள், மாமியார் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணே, பெட்ரோல் பங்க் வந்தா வண்டியக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

"எனக்கும்தான்" என்றார் மாமியார்.