பக்கமும் படமும்

நூற்பக்கங்களையும் பாடக்குறிப்புகளையும் கணினியில் தனித்தனிப் படங்களாகப் பிரித்து, கைப்பேசி வழியே ஒருவர்க்கொருவர் அனுப்பும் வழக்கம் நம் மாணவரிடையே பெருகி வருகின்றது. அஃது எளிதென்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வெளிமையால் நாம் இழப்பது யாதென எண்ணுவார் சிலரே. ஆதலின் அதுபற்றிச் சிறிது கூற விழைகின்றோம்.

பி.டி.எஃப். என்னும் கோப்பு முறையை அடோபி நிறுவனத்தார் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2008-இல் அஃது உலகப் பொதுத்தரமாயிற்று. தட்டச்சிட்டு ஆக்கிய அத்தகைய கோப்பில் எழுத்து எழுத்தாகவே உறைகின்றது. வேண்டிய சொல்லைத் தேடலாம், பெயர்த்தெடுக்கலாம். பக்கத்தைப் படமாக்கிய அளவிலே எழுத்து மறைந்து, புள்ளிகளின் கூட்டமே எஞ்சுகின்றது. கண்ணுடையார்க்கு வேற்றுமை தோன்றாது. திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையாற் பயிலும் பார்வையற்ற மாணவர்க்கோ, அந்நூல் வாய்மூடி விடுகின்றது. படத்திலிருந்து எழுத்தை உணரும் கருவிகள் உளவெனினும், மங்கிய படத்தில் அவையும் பிழைபடும்.

படமே கூடாதென்பது எம் கருத்தன்று. ஒருங்குறி பரவுமுன் ஆக்கிய தமிழ்க் கோப்புகள் பலவற்றில், திரையில் நல்ல தமிழ் தோன்றினும், பெயர்த்தெடுத்தால் பொருளற்ற குறிகளே வரும். அவற்றின் உருவைக் காக்கப் படம் பெரிதும் உதவும்.

செய்வதைத் திருந்தச் செய்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் படமாக்கின், ஏ4 தாளொன்று அகலத்தில் 2480, உயரத்தில் 3508 புள்ளிகளைப் பெறும். 72 புள்ளி வீதமாயின் முறையே 595, 842 அளவே கிட்டும். மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் கொம்பின் சுழியும் கலங்கிப் போம். ஜேபெக் முறை அளவைச் சுருக்க நுணுக்கத்தை விட்டுக்கொடுக்கும்; பி.என்.ஜி. முறை விட்டுக்கொடாது. ஆதலின் எழுத்துப் பக்கங்கட்குப் பின்னதே ஏற்றது. கோப்புகட்கு 001, 002 எனப் பெயரிடுக; அன்றேல் சில கணினிகளில் பத்தாம் பக்கம் இரண்டாம் பக்கத்திற்கு முன் வந்து நிற்கும்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. படமாக்கிய பின் மூலக்கோப்பை அழித்தல் ஆகாது. படத்தை அனுப்புங்கால் மூலத்தையும் உடன் அனுப்புக. இதற்கு ஆகும் உழைப்பு ஒரு நொடியே. கல்வி நிலையங்கள் மாற்றுத்திறனாளிகட்குத் தக்க வசதி செய்துதரல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. சட்டம் விதியாதிருப்பினும், இத்தகைய கல்லூரியைத் தோற்றுவித்த தொண்டுள்ளம் அதனையே விதிக்குமன்றோ? நம் பக்கத்தில் அமர்ந்து பயிலும் தோழர் படிக்கவியலாத பக்கம், எத்துணைத் தெளிவாயினும், நிறைவுற்ற பக்கமாகாது.